சினந்த அதிகாரியின் முன் சாந்தமான நாவு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



பங்குப் பணியில் அடிக்கடி காதில் விழும் ஒரு புலம்பல் உண்டு. "சாமி, அந்த ஆபீசர் என்னைப் பத்துப் பேர் பார்க்க நாய் மாதிரி விரட்டிட்டார்." "சாமி, முதலாளி வாயில வந்ததையெல்லாம் சொல்லிட்டார். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டேன். மறுநாள் வேலை இல்ல." முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்கப் போன பாட்டி, பட்டா மாற்றத்திற்காகத் தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை அலைந்த விவசாயி, ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி, விசைப்படகில் கூலிக்குப் போகும் இளைஞன், துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நிற்கும் பெண்பிள்ளை, மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர் என்று எல்லோருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். அந்த ஒருவருக்குக் கோபம் வருகிறது. அந்த நேரத்தில் நம் நாவு என்ன செய்ய வேண்டும்?

கூனிக் குறுகிக் காலில் விழுவதா? எகிறிக் குதித்துச் சண்டை போடுவதா? நம்மில் பலருக்குத் தெரிந்தவை இந்த இரண்டு வழிகள்தான். திருவிவிலியம் மூன்றாவது வழி ஒன்றைக் காட்டுகிறது. இன்று அதைப் பற்றிச் சிந்திப்போம்.

ஞானி சொன்ன ஒரு வரி

சபை உரையாளர் நூல் 10ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்தை வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். ஆட்சி செய்பவரின் சினம் உனக்கு எதிராகக் கிளம்பினால் உன் இடத்தை விட்டுப் போய்விடாதே, சாந்தமாக இருப்பது பெரிய குற்றங்களையும் ஆற்றிவிடும் என்பது அதன் கருத்து. ஒரே வரிதான். ஆனால் எபிரேய மூலத்தில் அதன் ஒவ்வொரு சொல்லும் எடை உள்ளது.

முதல் சொல் 'ரூவாஹ்'. காற்று, மூச்சு, ஆவி என்று பல பொருள் கொண்ட சொல் இது. ஆட்சியாளரின் ரூவாஹ் எழும்பினால் என்றுதான் ஞானி எழுதுகிறார். கோபத்தை அவர் எழும்பி வரும் காற்றாகப் பார்க்கிறார். இதைக் கடற்கரை மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் நம் மேற்குக் கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காற்று எழும்பும்போது அனுபவமுள்ள வள்ளக்காரர் காற்றோடு வாய்ச்சண்டை போடுவாரா? அல்லது பயந்துபோய் வள்ளத்தை அலைக்குக் குறுக்கே திருப்புவாரா? அணியத்தை அலைக்கு நேரே வைத்து, வள்ளத்தை நிதானமாகப் பிடித்துக்கொள்வார். குறுக்கே திருப்பினால் வள்ளம் கவிழும். எழும்பிய காற்று ஒரு நேரம் அடங்கும். அதுவரை கவிழாமல் இருப்பதில்தான் அவருடைய திறமை இருக்கிறது.

இரண்டாவது சொல் 'மாகோம்'. இடம் என்று பொருள். உன் இடத்தை விட்டுப் போகாதே என்றால், கோபத்தில் வேலையை வீசி எறிந்துவிட்டு வெளியேறாதே என்று ஒரு பொருள். உன் கடமையை, உன் நிலையை, நீ பிடித்திருக்கும் உண்மையை விட்டு நகராதே என்பது அதற்கும் ஆழமான பொருள். சினந்தவர் நம்மை நம் இடத்திலிருந்து தள்ளிவிடப் பார்க்கிறார். நாமும் பதிலுக்குக் கத்தினால், அவர் நிற்கும் இடத்திற்கே போய்விடுகிறோம். காலில் விழுந்தால், நம் மாண்பின் இடத்தை விட்டு இறங்கிவிடுகிறோம். இரண்டிலும் இடம் பறிபோகிறது.

மூன்றாவது சொல் 'மர்ப்பே'. சாந்தம் என்று நாம் மொழிபெயர்க்கும் இந்தச் சொல் பல இடங்களில் குணமாக்குதல் என்ற பொருளிலும் வருகிறது. நீதிமொழிகள் நூலின் 15ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்தில், நலம் தரும் நாவு வாழ்வளிக்கும் மரம் போன்றது என்று சொல்லும் இடத்திலும் இதே சொல்தான். ஆகவே ஞானி சொல்லும் சாந்தம் ஒரு மருந்து. புண்பட்ட இடத்தில் போடும் மருந்து. வாயை மூடிக்கொண்டு உள்ளே குமுறிக்கொண்டிருப்பதற்குச் சாந்தம் என்று பெயர் இல்லை.

இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆட்சியாளர் சரியானவர், அவர் கோபம் நியாயமானது என்று ஞானி சொல்லவே இல்லை. அடுத்துவரும் வசனங்களிலேயே, ஆட்சியாளர் செய்யும் தவறால் மூடர்கள் உயர்ந்த பதவிகளில் உட்காருவதைப் பார்த்திருக்கிறேன் என்று அவர் வருத்தப்படுகிறார். அதிகாரத்தில் இருப்பவர் தவறு செய்யக்கூடியவர் என்று நன்றாகத் தெரிந்துதான் இந்த அறிவுரையைத் தருகிறார்.

மூக்கும் கோபமும்

நம் ஊரில் ஒருவர் எடுத்ததற்கெல்லாம் சீறினால், அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் என்போம். எபிரேயரும் இப்படித்தான் பேசினார்கள். அவர்கள் மொழியில் கோபத்திற்கும் மூக்கிற்கும் ஒரே சொல், 'அப்'. கோபம் வந்தால் மூக்கு விடைக்கிறது, மூச்சு சூடாகிறது அல்லவா! பொறுமையுள்ளவரை அவர்கள் 'ஏரெக் அப்பாயிம்' என்றார்கள். நீண்ட மூக்கு உள்ளவர் என்று அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். சூடு மேலே ஏற நேரம் எடுக்கும் மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீதிமொழிகள் 16ஆம் அதிகாரம் 32ஆம் வசனம் இப்படிப்பட்டவரை நகரத்தைப் பிடித்த வீரனைவிட மேலானவர் என்கிறது. சீனாய் மலையில் ஆண்டவர் தம்மைப் பற்றி மோசேயிடம் அறிவித்தபோதும் இதே சொல்லைத்தான் தமக்குப் பயன்படுத்தினார் (விடுதலைப் பயணம் 34:6). ஆகவே சாந்தம் கோழைகளின் குணம் என்று நினைப்பவர்கள், அது முதலில் கடவுளின் குணம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்று விதமான மறுமொழிகள்

சினந்த அதிகாரத்தின் முன் எப்படிப் பேசுவது என்பதற்குத் திருவிவிலியம் பலரை எடுத்துக்காட்டாகத் தருகிறது. மூவரை மட்டும் பார்ப்போம்.

முதலாமவர் தானியேல். நெபுகத்னேசர் அரசன் ஒரு கனவு கண்டான். அந்தக் கனவையும் அதன் பொருளையும் யாரும் சொல்ல முடியாததால் வெகுண்டு, பாபிலோனின் ஞானிகள் எல்லோரையும் கொன்றுவிடக் கட்டளையிட்டான். கொல்ல வந்த தலைவன் அரியோக்கு. தானியேல் அவனிடம் விவேகத்தோடு ஒரு கேள்வி கேட்டார்: அரசர் இவ்வளவு கடுமையாக ஆணையிடக் காரணம் என்ன? அரியோக்கு விளக்கினான். கேள்வி கேட்டவரிடம் பதில் சொல்லத் தொடங்கிவிட்டால், வாளை ஓங்கிய கை கொஞ்சம் தாழும். அடுத்து தானியேல் அரசனிடம் போய்த் தவணை கேட்டார். பிறகு வீட்டுக்குப் போய் அனனியா, மிசாவேல், அசரியா என்னும் தோழர்களோடு சேர்ந்து வேண்டினார். விடை கிடைத்ததும் தம் உயிரை மட்டும் காத்துக்கொள்ளவில்லை. மற்ற ஞானிகளையும் கொல்ல வேண்டாம் என்று கேட்டார். கேள்வி, தவணை, செபம், பிறர்மேல் அக்கறை. இவை நான்கும் தானியேலின் சாந்தத்தில் இருக்கின்றன.

இரண்டாமவர் அபிகாயில். இந்தப் பெண்ணின் கதை 1 சாமுவேல் 25ஆம் அதிகாரத்தில் உள்ளது. அவள் கணவன் நாபால் முரடன். தன் மந்தைக்குக் காவலாக இருந்த தாவீதின் ஆள்களை அவமானப்படுத்தி அனுப்பிவிட்டான். தாவீது 400 பேரோடு வாளை இடையில் கட்டிக்கொண்டு பழிவாங்கக் கிளம்பிவிட்டார். செய்தி கேட்ட அபிகாயில் நேரத்தை வீணாக்கவில்லை. 200 அப்பங்கள், திராட்சை இரசத் தோற்பைகள், சமைத்த ஆடுகள், வறுத்த தானியம், உலர்ந்த பழ அடைகள் என்று கழுதைகளில் ஏற்றிக்கொண்டு எதிரே போனாள். பசித்துக் கோபமாக வருகிறவனுக்கு முதலில் சோறு போட வேண்டும் என்பது நம் வீட்டுத் தாய்மார்களுக்குத் தெரியாததா! பிறகு பேசினாள். நீங்கள் ஒருநாள் அரசர் ஆவீர்கள், அப்போது காரணமின்றி இரத்தம் சிந்தினோம் என்ற மன உறுத்தல் உங்களுக்கு இருக்கக் கூடாது என்று எடுத்துச் சொன்னாள். தாவீதின் கோபத்தோடு மோதாமல், அவருக்குள் இருந்த நல்ல மனிதரை எழுப்பிவிட்டாள். தாவீது ஆண்டவரைப் புகழ்ந்து வாளை உறையில் போட்டார். வீட்டுக்கு வந்தால் கணவன் குடித்து வெறித்துக் கிடக்கிறான். அவள் அப்போது வாயைத் திறக்கவில்லை. விடிந்து போதை தெளிந்த பிறகே நடந்ததைச் சொன்னாள். எதைச் சொல்வது என்பதோடு எப்போது சொல்வது என்பதையும் அறிந்திருந்தாள்.

மூன்றாமவர் நம் ஆண்டவர் இயேசு. தலைமைக்குரு விசாரித்தபோது காவலன் ஒருவன் அவர் கன்னத்தில் அறைந்தான். இயேசு திருப்பி அடிக்கவில்லை. சும்மாவும் இருக்கவில்லை. நான் பேசியது தவறு என்றால் எது தவறு என்று காட்டு, சரி என்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23). குரல் உயரவில்லை. ஆனால் கேள்வி நேராகப் போய் மனச்சான்றில் தைத்தது. அதே இயேசு ஏரோதின் முன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டவனுக்கு மௌனமே பதிலாக இருந்தது. பிலாத்துவிடமோ, அவனுடைய அதிகாரம் மேலிருந்து கொடுக்கப்பட்டது என்று நினைவூட்டினார். ஒரே இரவிலும் மறுநாள் காலையிலும் மூன்று அதிகாரிகளின் அவைகளில் மூன்று விதமான மறுமொழி. சாந்தம் என்பது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதல்ல, ஆள் அறிந்து, நேரம் அறிந்து, உண்மையை விடாமல் நடப்பது என்று இதிலிருந்து புரிகிறது.

ஒரு நகரத்தைக் காத்த முதிய ஆயர்

திருஅவை வரலாற்றிலும் இதற்கு ஓர் அருமையான சான்று உண்டு. கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலில் வழங்கப்பட்ட அந்தியோக்கியா நகரம் உங்களுக்கு நினைவிருக்கும். கி.பி. 387ஆம் ஆண்டு அந்த நகரத்தில் புதிய வரி அறிவிக்கப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். கலவரத்தில் பேரரசர் தெயோதோசியுஸின் சிலையையும், சிறிது காலம் முன்பு இறந்திருந்த அவர் மனைவி பிளாசில்லாவின் சிலையையும் கவிழ்த்து இழுத்துச் சென்றார்கள். வெறி தணிந்ததும் பயம் பிடித்தது. பேரரசரின் கோபம் நகரத்தையே அழித்துவிடும் என்று பலர் ஊரை விட்டு ஓடினார்கள்.

அந்தத் தவக்காலத்தில் இருவர் தங்கள் இடத்தை விட்டு நகரவில்லை. ஒருவர் இளம் குருவான புனித யோவான் கிறிசோஸ்தோம். அவர் நடுங்கிக்கொண்டிருந்த மக்களுக்கு நாள்தோறும் மறையுரை ஆற்றித் தேற்றினார். மற்றவர் முதிய ஆயர் பிளாவியன். அவர் தள்ளாத வயதில், சாகும் தறுவாயில் இருந்த தம் சகோதரியையும் விட்டுவிட்டு, குளிர்காலத்தில் தலைநகரான கொன்ஸ்தாந்திநோபிளுக்குப் புறப்பட்டார்.

அங்கே நடந்ததைக் கிறிசோஸ்தோம் தம் மறையுரையில் விவரித்திருக்கிறார். அரண்மனைக்குள் போன ஆயர் உடனே வாதாடத் தொடங்கவில்லை. தொலைவில் தலைகுனிந்து கண்ணீரோடு நின்றார். பேரரசரே அருகில் வந்து தம் மனக்குறையைச் சொன்னார். முழுவதையும் சொல்லி முடிக்கும் வரை ஆயர் கேட்டார். பிறகு, எங்கள் நகரம் செய்தது தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். சாக்குப்போக்குச் சொல்லவில்லை. பேரரசர் கொன்ஸ்தந்தீனின் சிலை முகத்தில் கல்லெறிந்தார்கள் என்று சொன்னபோது, அவர் தம் முகத்தைத் தடவிப் பார்த்துக் காயம் எதையும் காணோமே என்று சிரித்ததை நினைவூட்டினார். நீங்கள் மன்னித்தால் உங்கள் சிலை மக்களின் இதயத்தில் நிற்கும் என்று மன்றாடினார். பேரரசர் மனம் இளகினார். நகரம் மன்னிப்புப் பெற்று உயிர்ப்பு விழாவைக் கொண்டாடியது.

ஆனால் மூன்று ஆண்டுகளுக்குப் பின் 390இல், தெசலோனிக்காவில் படைத்தளபதி ஒருவர் கலவரத்தில் கொல்லப்பட்டபோது, இதே பேரரசரின் கோபம் ஆயிரக்கணக்கான மக்களின் உயிரைக் குடித்தது. அப்போது மிலான் ஆயர் புனித அம்புரோசியார் ஊரறிய முழக்கமிடுவதற்கு முன், பேரரசர் மட்டும் படிக்கும்படி தம் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். தவமுயற்சி செய்யாமல் நற்கருணைப் பலியில் பங்குபெற முடியாது என்று அதில் உறுதியாகவும் மரியாதையாகவும் சொன்னார். பேரரசர் பணிந்து, மக்கள் முன் தவம் செய்தார். கோபமுள்ளவரைப் பலர் முன் அவமானப்படுத்தாமல் தனியே உண்மையைச் சொல்வது எவ்வளவு வலிமையானது என்பதை அந்தக் கடிதம் காட்டுகிறது.

நம் மண்ணின் சாட்சி

அன்புக்குரியவர்களே, இப்போது ஒரு கேள்வி எழ வேண்டும். சாந்தமாகப் பேசினால் எப்போதும் கோபம் தணிந்துவிடுமா? இல்லை. இந்த உண்மையை நம் மண்ணில் பிறந்த புனிதரே நமக்குச் சொல்கிறார்.

1712 ஏப்ரல் 23 அன்று நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனைப் பணியில் இருந்தார். 1741இல் குளச்சல் போரில் சரணடைந்த டச்சுத் தளபதி டிலனாய் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை ஏற்றிருந்தார். அவரோடு ஏற்பட்ட நட்பினால் நீலகண்டன் கிறிஸ்துவை அறிந்தார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருவிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். லாசர் என்னும் பெயரின் தமிழ் வடிவம் அது.

அதன்பின் சாதி வேறுபாடு பாராமல் எல்லோரோடும் அவர் சமமாகப் பழகினார். அரண்மனையின் சினம் எழும்பியது. 1749இல் கைது செய்யப்பட்டார். எருமையின் மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள். சாட்டையால் அடித்தார்கள். காயங்களில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள் என்பதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். புலியூர்க்குறிச்சியும் பெருவிளையும் அந்தத் துன்பப் பாதையை இன்றும் நினைவில் வைத்திருக்கின்றன. கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் ஆள்சேர்த்துக் கலகம் செய்யவில்லை. மன்னரைச் சபிக்கவில்லை. நம்பிக்கையை விட்டுவிடு என்று கேட்டபோது விடவும் இல்லை. 'உன் இடத்தை விட்டுப் போகாதே' என்னும் ஞானியின் சொல்லுக்கு உயிரைக் கொடுத்துப் பொருள் சொன்னவர் அவர். அவருடைய சாந்தம் அரண்மனையின் தீர்ப்பை மாற்றவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு கடைசித் தீர்ப்பாக நிற்கவில்லை. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். கோபத்தோடு கோபமாக மோதியிருந்தால் அவரும் அக்கால மோதல்களில் ஒன்றாக மறைந்திருப்பார். சாந்தத்தோடு உண்மையில் நின்றதால் இன்று நம் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறோம்.

ஆகவே, வெற்றி கிடைக்கும் என்பதற்காக மட்டும் நாம் சாந்தமாக இருப்பதில்லை. பல நேரம் கிடைக்கும். சில நேரம் கிடைக்காது. நம் உள்ளம் அடுத்தவரின் கோபத்திற்கு அடிமையாகிவிடக் கூடாது என்பதற்காகவே சாந்தமாக இருக்கிறோம். 'மர்ப்பே' என்னும் மருந்து முதலில் நம்மையே குணமாக்குகிறது.

சாந்தம் அடிமைத்தனம் அல்ல

இதைக் கேட்கும் சிலர் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. சவுல் அரசன் தாவீதைக் குத்த ஈட்டியை எறிந்தபோது தாவீது என்ன செய்தார்? விலகி, அன்றிரவே தப்பி ஓடினார் (1 சாமுவேல் 19:10). இடத்தை விட்டுப் போகாதே என்ற வசனத்தைக் காட்டி ஈட்டிக்கு மார்பைக் கொடுக்கும்படி ஆண்டவர் அவரிடம் கேட்கவில்லை. பிறகு குகையில் சவுல் தம் கையில் சிக்கியபோது தாவீது பழிவாங்கவில்லை. தப்பித்துக்கொண்டார், ஆனால் வெறுக்கவில்லை. இரண்டும் சேர்ந்து போக முடியும்.

குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனிடம் பொறுத்துப் போ, அதுதான் வேதம் என்று எந்தப் பெண்ணிடமும் சொல்லாதீர்கள். உயிருக்கும் மானத்திற்கும் ஆபத்து என்றால் அந்த இடத்தை விட்டு வெளியேறுவதே ஞானம். பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணையும், குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணையும் நம் அன்பியக் கூட்டங்களில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

சட்டத்தை நினைவுபடுத்துவதும் சாந்தத்திற்கு எதிரானது அல்ல. புனித பவுலைச் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, தீர்ப்பு இல்லாமல் உரோமைக் குடிமகனை அடிக்கச் சட்டம் இடம் தருகிறதா என்று அமைதியாகக் கேட்டார் (திருத்தூதர் பணிகள் 22:25). அந்த ஒரு கேள்வியில் சாட்டை நின்றது. பின்னர் பேரரசரிடம் மேல்முறையீடும் செய்தார்.

நாம் செய்யக்கூடியவை

நடைமுறைக்குச் சில குறிப்புகள் சொல்கிறேன்.

முதலாவது, உள்ளே போகுமுன் ஒரு நிமிடம் நில்லுங்கள். மூன்று முறை நிதானமாக மூச்சு விட்டு, ஆண்டவரே என் நாவைக் காத்துக்கொள்ளும் என்று வேண்டுங்கள். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொல்வது பொய்யல்ல.

இரண்டாவது, கோபத்தில் பேசுகிறவரை இடைமறிக்காதீர்கள். பேசி முடிக்கட்டும். பிறகு அவருடைய குறையில் உண்மையான பகுதி இருந்தால் அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். "நீங்க சொல்றது சரிதான் சார், இந்தச் சான்றிதழ் நான் வைக்காம விட்டுட்டேன்" என்று சொன்னால், பாதிக் காற்று இறங்கிவிடும். செய்யாத தவறை மட்டும் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது, மரியாதைச் சொல்லை விடாதீர்கள், ஆனால் ஒரே ஒரு காரியத்தைத் தெளிவாகக் கேளுங்கள். நாமானின் பணியாளர்கள், கோபத்தோடு திரும்பிப் போன தங்கள் தலைவனைத் தந்தையே என்று அழைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். அவர் யோர்தானில் இறங்கினார், நலமடைந்தார் (2 அரசர்கள் 5:13-14). பழைய கதையையெல்லாம் இழுத்தால் கோபம்தான் வளரும்.

நான்காவது, வாய்ப்பேச்சு பலிக்காவிட்டால் எழுத்துக்குப் போங்கள். மனுவை எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். திங்கள்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டால் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். உரத்த குரலைவிடத் தேதி போட்ட காகிதத்திற்கு வலிமை அதிகம்.

ஐந்தாவது, தனியாகப் போகாதீர்கள். பங்குப் பேரவையினரோ, அன்பியப் பொறுப்பாளரோ, பக்கத்து வீட்டுக்காரரோ ஒருவர் உடன் இருக்கட்டும். தானியேலுக்கே மூன்று தோழர்கள் தேவைப்பட்டார்கள்.

நாமும் அதிகாரிகள்தான்

கடைசியாக ஒன்று. நாம் எல்லோரும் ஏதோ ஓரிடத்தில் மேலே இருப்பவர்கள்தான். ஆபீசில் திட்டு வாங்கிய தகப்பன் வீட்டில் மகனுக்கு அதிகாரி. மாமியார் மருமகளுக்கு. ஆசிரியர் மாணவருக்கு. படகு உரிமையாளர் கூலியாளுக்கு. பங்குத்தந்தையரான நாங்களும் இந்த வரிசையில்தான் நிற்கிறோம். மேலே வாங்கிய கோபத்தைக் கீழே இறக்கி வைப்பதுதான் உலக வழக்கம். கடைசியில் அது வாய் பேசாத ஒரு குழந்தையின் முதுகில் போய் இறங்குகிறது.

வேலையாள்களை அச்சுறுத்துவதை விட்டுவிடுங்கள், அவர்களுக்கும் உங்களுக்கும் விண்ணகத்தில் தலைவர் ஒருவரே என்று தலைவர்களுக்கு எழுதுகிறார் பவுல் (எபேசியர் 6:9). யாராவது ஒருவர் இந்தச் சங்கிலியை அறுக்க வேண்டும். இன்று உங்களை ஒருவர் திட்டியிருந்தால், அந்தக் கோபம் உங்களோடு நிற்கட்டும். வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வர வேண்டாம். வருகிற அன்பியக் கூட்டத்தில் சபை உரையாளர் 10ஆம் அதிகாரத்தையும் 1 சாமுவேல் 25ஆம் அதிகாரத்தையும் வாசித்து, அவரவர் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

செபிப்போம். சாந்தமும் மனத்தாழ்மையும் உள்ள இயேசுவே, அறைந்தவனிடமும் உண்மையைச் சொன்ன உமது நாவை எங்களுக்குத் தாரும். சினத்தின் காற்று எழும்பும்போது எங்கள் வள்ளம் கவிழாமல் காத்தருளும். எங்கள் கையில் அதிகாரம் இருக்கும்போது எவரும் அஞ்சி நடுங்காதபடி எங்களை நடத்தும். புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.